இழுத்துப் பார்க்காத கேபிள்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதி அடித்திருக்கிறேன். அடித்தது உன் கண்ணில் படட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

அம்மா சொல்லி எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அம்மா நகரத்தில் உன் வீட்டில் இருக்கிறாள், உன் கட்சியில் இருக்கிறாள், என்னிடம் அவள் பேசுவதே அபூர்வம். இது வேலை விஷயம். வேலை விஷயம் என்றால் ஆபீஸ் மெயிலில் எழுதவேண்டியதுதானே என்பாய். ஆபீஸ் மெயிலை இங்கே எல்லாரும் படிக்கிறார்கள். நீயும் நானும் ஒரு வரி எழுதினால் அடுத்த வரி சண்டையாகத்தான் இருக்கும், அதை ஊரே படித்துச் சிரிக்க வேண்டாம். மொபைலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நீ போன பிறகு கெடுபிடி இன்னும் கூடிவிட்டது. பள்ளத்தாக்குக்குள் ஒரு போன் கண் விழித்தால் போதும், அந்தச் சத்தத்தில் நம் சட்டிக்கு வானமே கேட்காமல் போய்விடும். வானத்து ரேடியோ அலைகளைக் கேட்பதற்கென்று இத்தனை பேர் ராப்பகலாக உழைத்து நிறுத்தியிருக்கிற ஆன்டெனாவுக்குச் ‘சட்டி’ என்று பேர் வைத்த மகானுக்கு இதெல்லாம் நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆக, சரக்கு வண்டி ஓட்டுநர்தான் நமக்குத் தபால்காரர். வாரம் ஒருமுறை வருகிறார்.

விஷயம் இதுதான். பெரியம்மாவுக்கு நாள் நெருங்கிவிட்டது.

நம் பெரியம்மா இல்லை, விண்கலப் பெரியம்மா. நாம் பிறக்கும் முன்னால் கிளம்பிப் போய், எல்லாக் கிரகங்களையும் தாண்டி, இன்னும் போய்க்கொண்டே இருக்கிறாளே, அவள். தூரத்துச் சொந்தம் என்றால் இதுதான் என்று நீ அடிக்கடி சொல்வாயே. மே மாதத்தில் அவளிடம் இருக்கிற மின்சாரம் தீர்கிறது. அவளுடைய கடைசிப் பேச்சு வந்து சேருகிற வேளையில் பூமியின் இந்தப் பக்கம்தான் அவளைப் பார்த்துத் திரும்பியிருக்கும். இந்தப் பக்கத்தில் அவ்வளவு சன்னமான குரலைக் கேட்கும் காது நம் சட்டிக்கு மட்டும்தான். நாங்கள் பிடித்தால் உண்டு. விட்டால் உலகத்தில் வேறு யாரிடமும் இருக்காது.

பதிவு செய்கிற சர்வர் இரண்டில் ஒன்று படுத்துவிட்டது, மே மாதத்துக்குள் எழாது. மிச்சம் ஒன்றுதான். அதற்கு நெட்வொர்க் போர்ட் இரண்டு. இரண்டையும் ஜோடியாகக் கட்டி, ஒன்று போனால் மற்றது பிடித்துக்கொள்ளும்படி செய்யவேண்டும். பாண்டிங். அதைத்தான் நீ அன்றைக்குச் செய்தாய். அதுதான் எல்லார் முன்னாலும் அறுந்தது. ஏன் அறுந்தது என்று நீ கடைசிவரை சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போனாய்.

ஏன் அறுந்தது? அதை மட்டும் எழுது. மற்றதைப் பேச இப்போது எனக்கு நேரமில்லை.

அக்கா

பின்குறிப்பு: சர்வர் ரேக்கின் கதவில் நம் நிலையத் தலைவர் தொப்பிக்காரர் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறார். ‘பதிவு ஓடும்போது எவரும் எதையும் தொடக்கூடாது.’ இங்கே அதற்குப் பேர் தம்பி சட்டம்.


பிப்ரவரி 21

அக்காவுக்கு,

நான் ‘அன்புள்ள’ எழுதவும் இல்லை, அடிக்கவும் இல்லை. மை மிச்சம்.

என் பேரில் ஒரு சட்டமே இருக்கிறது என்று கேட்டு அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “யாருக்குடா கிடைக்கும்?” என்கிறாள். அவளுக்கு விவரத்தை முழுக்கச் சொல்லவில்லை.

நான் இப்போது பார்க்கும் வேலை என்னவென்று நீ கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். காய்கறிக் குளிர்க்கிடங்கில் நெட்வொர்க் பார்க்கிறேன். வெளியே வெயில் கொளுத்துகிறது, நான் ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக்கொண்டு தக்காளிக்குக் காவல் இருக்கிறேன். எந்த அறையில் எவ்வளவு குளிர் என்று ஒவ்வொரு அறையும் சர்வருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். அது நின்றால் ஒரு லாரித் தக்காளி கூழாகும். நட்சத்திரம் இல்லை, தக்காளிதான். ஆனால் அறுந்தால் இங்கேயும் கத்துகிறார்கள். ஒரு வித்தியாசம், கத்துகிறவர்கள் எனக்குச் சொந்தக்காரர்கள் இல்லை.

அன்றைக்கு நடந்ததை நான் எப்படிப் பார்த்தேன் என்று கேள். தொப்பிக்காரர் நம்ப மாட்டேன் என்றார். “ஒரு கேபிள் போனா எல்லாம் போச்சுப்பா, சும்மா சொல்லாதே” என்றார். எனக்கு வீம்பு. “பாருங்க சார்” என்று இழுத்துவிட்டேன். பதிவு ஓடிக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் இழுத்தேன். ஓடாத நேரத்தில் இழுத்துக் காட்டுவதில் என்ன பெருமை? திரை உறைந்தது. பதறிப்போய் நான் மறுபடி செருகுவதற்குள் ரெக்கார்டர் நின்றேவிட்டது. அந்த ஆராய்ச்சி மாணவி, இரண்டு வருஷமாக அன்றைக்குப் பதிவாகிக்கொண்டிருந்த நட்சத்திரத்துக்காகக் காத்திருந்தவள், வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதற்கு நான் பதில் சொல்லத் தயாராக இருந்தேன், அக்கா. என் தப்புதான். ஆனால் நீ உள்ளே வந்து என்ன சொன்னாய்? “இவன் என் தம்பின்னு இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க.” கதவைச் சாத்தினேன்.

சரி. வேலை விஷயம்.

அறுந்ததற்குக் காரணம் ஒரே ஒரு எண். ஜோடி கட்டும்போது, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கேபிள்களைச் சோதிக்கவேண்டும் என்று ஒரு வரி எழுதவேண்டும். நான் எழுதவில்லை. எழுதாவிட்டால் அது பூஜ்யம். பூஜ்யம் என்றால் சோதிக்கவே வேண்டாம் என்று அர்த்தம். இரண்டையும் ஒன்றாகக் கட்டினேன், ஒரே முகவரி கொடுத்தேன், பார்க்க அழகாக இருந்தது. ‘உயிரோடு இருக்கிறாயா’ என்று கேட்க மட்டும் ஆள் வைக்கவில்லை. முதல் கேபிள் செத்த பிறகும் சர்வர் அதையே நம்பி உட்கார்ந்திருந்தது. இரண்டாவது கேபிள் கைகட்டி வேடிக்கை பார்த்தது. இங்கே வந்து வேறொரு சர்வரைக் கட்டும்போதுதான் எனக்கே உறைத்தது. தக்காளிகளுக்கு நடுவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டேன்.

நொடிக்குப் பத்து முறை கேட்கச் சொல். அதிகமில்லை. இரண்டு கேபிளையும் ஒரே நெட்வொர்க் ஸ்விட்சில் செருகிவிடாதே, அந்த ஸ்விட்ச் போனால் ஜோடியாகவே போய்ச் சேரும். தனித்தனி ஸ்விட்ச், தனித்தனி மின்சாரம், முடிந்தால் தனித்தனிச் சுவர் வழியாக. இன்னொன்று, உன் கேபிள் பின்னலை இந்த வேலையில் காட்டாதே. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் பிள்ளைக்குத் தலை பின்னுவதுபோல இறுக்கி இறுக்கிக் கட்டுவாயே, அதைச் சொல்கிறேன். கேபிளைத் தளர விடு.

எல்லாம் முடிந்த பிறகு ஒன்றை இழு. மே மாதத்துக்கு முன்னால், ஓடிக்கொண்டிருக்கும்போது, உன் கையால் இழு.

தம்பி (யாரிடமும் சொல்லவேண்டாம்)


மார்ச் 13

தம்பிக்கு,

அந்த அடைப்புக்குறியை உன் அத்தானிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கிரீஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு சட்டிக்கு அடியில் போய்விட்டார். அவர் அப்படிப் போனால் எனக்கு எதிராக ஏதோ நினைக்கிறார் என்று அர்த்தம். உனக்கும் தெரியும்.

கட்டிவிட்டேன். நீ சொன்னபடி இரண்டு ஸ்விட்ச். ஒரு கேபிள் வடக்குச் சுவர் வழியாக, ஒன்று கிழக்குச் சுவர் வழியாக. சோதனை இடைவெளி என்ற வரியை எழுதிவிட்டு மூன்று தடவை படித்துப் பார்த்தேன், உன் பூஜ்யம் எங்கேயாவது ஒளிந்திருக்குமோ என்று. ஒன்று வேலை செய்கிறது, மற்றது காத்திருக்கிறது. இரண்டுக்கும் பச்சை விளக்கு. தொப்பிக்காரர் தன் பங்குக்குச் சட்டியின் அறையிலேயே ஒரு சின்னத் தற்காலிகச் சேமிப்பு வைத்திருக்கிறார். இங்கே வந்து சேராததை அது கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொண்டு மறுபடி அனுப்பும். கொஞ்ச நேரம்தான். நிறைந்தால் வழிந்துவிடும், வழிந்தது திரும்பாது.

பின்னல் போடாதே என்றாய். போட்டேன். நாளைக்கு வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்க்கப்போகிற ரேக். அதில் கேபிள் நூடுல்ஸ் மாதிரி தொங்கினால் எனக்கு உயிர் போய்விடும். பட்டை போட்டு இறுக்கி, வளைவுகளெல்லாம் ஒரே அச்சாக, நீ பார்த்தால் பொறாமைப்படுவாய்.

இப்போது இதைக் கேள். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், மற்றதெல்லாம் வழியில் வந்தது.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை பார்த்தோம். பெரியம்மா காலையில் கிழக்கு மலைக்கு மேலே எழுந்து பின்மதியம் வரை இருக்கிறாள். பட்டப்பகல், வெயில், வெளியே உன் அத்தான் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பல்சக்கரத்துக்குக் கிரீஸ் தடவுகிறார். உள்ளே திரையில் வெறும் இரைச்சல், புள்ளி புள்ளியாக மழை பெய்கிற மாதிரி. நான் கேபிள் விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று எல்லாரும் திரைப்பக்கம் நகர்ந்தார்கள். நிமிர்ந்தேன். மழைக்கு நடுவே ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது. தலைமுடி அளவுக்குத்தான். இருக்கிறதா, கண் செய்கிற வேலையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு. ஆனால் இருந்தது.

தம்பி, அவளிடம் இருக்கிற சக்தி ஃப்ரிட்ஜைத் திறந்தால் எரிகிற பல்பு அளவுதான். அது புறப்பட்டது நேற்று. நேற்று நான் வீட்டுக் கொல்லையில் போர்வை அலசிக்கொண்டிருந்தேன். போர்வையைப் பிழிந்து கொடியில் போட்டேன், சாப்பிட்டேன், தூங்கினேன், எழுந்தேன். அவ்வளவு நேரமும் அந்தக் கோடு இருட்டில் வந்துகொண்டே இருந்திருக்கிறது. யாரும் கேட்பார்களா என்று தெரியாமலே வந்துகொண்டிருந்திருக்கிறது. வந்து கடைசியில் நுழைந்தது நான் கட்டிய ஒரு கேபிள் வழியாக. இந்தப் பள்ளத்தாக்கில் இத்தனை வருஷம் வேலை பார்த்தும் நான் இதுவரை போர்ட் எண்களைத்தான் பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது.

அதனால்தான் சொல்கிறேன். இழுக்க மாட்டேன். தொப்பிக்காரர் தொடக்கூடாது என்கிறார், அது ஒரு காரணம். நிஜக் காரணம், என்னால் முடியவில்லை. நன்றாக ஓடுவதை எதற்குச் சீண்டவேண்டும்?

அக்கா


மார்ச் 23

அக்கா,

படித்தேன். அந்தக் கோட்டைப் பற்றி எழுதிய இடத்தை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அதை நீ எழுதினாய் என்பதால் நான் உன்மேல் கோபமாக இல்லை என்று அர்த்தமாகாது.

இழுத்துப் பார்க்காத ஜோடி ஜோடியே இல்லை. நான் அன்றைக்குக் கெட்டது இழுத்ததால் இல்லை. அதற்கு முன்னால் ஒருநாளும் இழுத்துப் பார்க்காததால். இதைக் கூடவா நான் உனக்குச் சொல்லவேண்டும்? எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்ததே நீதானே.

பச்சை விளக்கு, பச்சை விளக்கு என்று எழுதியிருக்கிறாய். விளக்கை நம்பாதே. கேபிளில் மின்சாரம் இருந்தால் விளக்கு எரியும், அவ்வளவுதான். உள்ளே வருவதெல்லாம் குப்பையாக வந்தாலும் பச்சையாகத்தான் எரியும். நான் எழுதச் சொன்ன வரியும் ‘உயிரோடு இருக்கிறாயா’ என்று மட்டும்தான் கேட்கும். ‘நன்றாக இருக்கிறாயா’ என்று கேட்காது. பிழைக் கணக்கு ஏறுகிறதா என்று தனியாகப் பார். ஏறினால், அந்த நிமிஷமே அந்தக் கேபிளைக் கழற்றி எறி. செத்தால்தான் சர்வர் மற்றதற்குப் போகும். அரைகுறையாக உயிரோடிருந்தால் போகாது.

இழு. அம்மாவும் அதையே சொல்லச் சொன்னாள். எதை இழுக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியாது, ஆனாலும் சொல்லச் சொன்னாள்.

தம்பி


ஏப்ரல் 24

தம்பிக்கு,

இழுக்கவில்லை.

மூன்று தடவை ரேக் கதவைத் திறந்தேன். ஒரு தடவை கேபிளின் கிளிப்பில் விரலை வைத்தேன். அந்த மாணவி அதே அறையில்தான் இப்போதும் உட்கார்கிறாள், பெரியம்மாவைக் கேட்கப்போகும் குழுவில் அவளும் ஒருத்தி. என் விரல் கிளிப்பில் இருந்ததை அவள் பார்த்தாள். நான் கதவை மூடிவிட்டேன்.

திட்டு. வாங்கிக்கொள்கிறேன். உன் திட்டு வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அக்கா


மே 11

அன்புள்ள தம்பிக்கு,

எல்லாம் முடிந்ததும் அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

காலையிலேயே எல்லாரும் குளித்து முழுகி நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். யாரும் யாரிடமும் சொல்லி வைத்துக்கொள்ளவில்லை. உன் அத்தான்கூட கிரீஸ் படாத சட்டையில் வந்தார், அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயமே வந்தது. தொப்பிக்காரர் சர்வரில் கட்டளை கொடுக்கிற உரிமையை எல்லாருக்கும் பூட்டிவிட்டுச் சாவியைத் தன் உதவியாளரிடம் கொடுத்து அவரைச் சட்டிக்கு அடியில் இருக்கும் அறைக்கு அனுப்பிவிட்டார். உணர்ச்சிவசப்பட்டு யாரும் எதையும் தட்டிவிடக்கூடாதாம். தம்பி சட்டத்தின் இரண்டாம் பிரிவு என்று வைத்துக்கொள்.

அவள் எழுந்தாள். கோடு வந்தது. அந்தக் கோட்டில் அவள் என்ன சொல்கிறாள் என்று மாணவி மெதுவாகப் படித்துக்கொண்டிருந்தாள். வெளியே எவ்வளவு குளிர், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறாள், மின்சாரம் எவ்வளவு மிச்சம். அவ்வளவுதான், தம்பி. பெரிய வார்த்தை ஒன்றுமில்லை. வீட்டை விட்டுப் போன பிள்ளை சேர்ந்துவிட்டேன், சாப்பிட்டேன் என்று சொல்கிற மாதிரி. அதைக் கேட்டே ஒரு பெரிய மனிதர் மூக்கைச் சிந்தினார்.

உச்சி வேளைக்குக் கொஞ்சம் முன்னால் கோடு தயங்கியது. நின்று நின்று இறங்கியது. மற்றவர்கள் பெரியம்மாதான் திக்குகிறாள் என்று நினைத்தார்கள். எனக்குக் கேபிள் மேல்தான் சந்தேகம். விளக்கைப் பார்த்தேன், பச்சை. இரண்டும் பச்சை. பிழைக் கணக்கைப் பார்த்தேன். மின்விசிறி இறக்கை சுற்றுகிற மாதிரி எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. முதல் கேபிள் குப்பையாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. சட்டியின் அறை அதையே மறுபடி மறுபடி அனுப்ப, அனுப்ப முடியாதது அந்தச் சின்னச் சேமிப்பில் ஏறிக்கொண்டே இருந்தது. முக்கால்வாசி நிறைந்துவிட்டது. சர்வரோ நிம்மதியாக அந்தக் கேபிளிலேயே உட்கார்ந்திருந்தது, ஏனென்றால் அது உயிரோடு இருந்தது.

கட்டளை கொடுக்க முடியாது. சாவி சட்டிக்கு அடியில். ஓடிப்போய் வாங்கி வருவதற்குள் வழிந்துவிடும்.

ரேக் கதவைத் திறந்தேன். உன் சட்டம் எழுதிய அட்டை என் மூக்குக்கு நேரே இருந்தது. பின்னாலிருந்து தொப்பிக்காரர், “கையை எடும்மா! கையை எடு!” என்று கத்தினார். அந்த மாணவி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த சத்தம் கேட்டது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஒன்றும் நினைக்கவில்லை. உன் கையெழுத்துதான் கண்ணில் நின்றது. ‘அந்த நிமிஷமே கழற்றி எறி.’ அந்த எழுத்தில் ‘ழ’வுக்கு வால் நீளமாக இழுப்பாயே, அந்த வால்.

இழுத்தேன்.

ஒரு விளக்கு அணைந்தது. மார்ச்சிலிருந்து ஒரு வேலையும் செய்யாமல் நின்ற இரண்டாவது கேபிளின் விளக்கு படபடவென்று சிமிட்ட ஆரம்பித்தது. தேங்கியதெல்லாம் மடமடவென்று வந்து கொட்டியது. கோடு ஓடிவந்து தன் இடத்தைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி இறங்கத் தொடங்கியது.

கேபிளைக் கையில் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டேன். இதை எத்தனையோ சர்வரில் கட்டியிருக்கிறோம், தம்பி. படம் போட்டு விளக்கியிருக்கிறோம். ஒரு வழி போனால் மறுவழி என்று நானே எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். ஆனால் அது நிஜமாகவே நடக்கிறதைப் பார்த்தபோது, வானத்திலிருந்து வந்ததா அதிசயம், இந்த ஒரு முழக் கேபிளில் நடந்ததா அதிசயம் என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கவும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம்தான். கோடு இன்னும் மெலிந்தது. மாணவி, “மின்சாரம் இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்...” என்று சொல்லிக்கொண்டே வந்து நிறுத்தினாள். திரையில் புள்ளி மழை மட்டும் பெய்தது. தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றினார். அவர் தலையை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. நெற்றியில் பாதிக்கு மேல் வெயிலே படாத வெளுப்பு. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. நாங்கள் கேட்டு முடித்தபோது அவள் அணைந்துபோய் ஒரு நாள் ஆகியிருந்தது. நேற்றே போய்விட்டவள் இன்றைக்கு நம்மிடம் பேசி முடித்தாள். அதை எப்படித் தாங்கிக்கொள்வது என்று யாருக்கும் தெரியவில்லை, வெளியே போய் வெயிலில் நின்றோம்.

அப்புறம் தொப்பிக்காரர் என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். “மத்த கேபிள் பிடிச்சுக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்? நீ சோதிச்சுப் பாக்கலியே?” என்று கேட்டார்.

“நான் பாக்கல சார். என் தம்பி சொன்னான்” என்றேன்.

“எந்தத் தம்பி?” என்றார்.

“எனக்கு இருக்கிறது ஒரே தம்பி சார். அவன்தான்” என்றேன். எல்லார் காதிலும் விழும்படி சத்தமாகத்தான் சொன்னேன். அன்றைக்குச் சொன்ன அளவுக்குச் சத்தமாக.

கேபிள் ஏன் கெட்டது என்று பார்த்தோம். உன் அத்தான்தான் கண்டுபிடித்தார். நான் போட்ட பட்டை. ஒரே அச்சாக இருக்கவேண்டும் என்று வளைத்து இறுக்கிய இடத்தில் கேபிள் உள்ளுக்குள்ளே நொந்துபோயிருந்தது. அன்றைக்கு அறையில் சூடு ஏறியதும் தாங்கவில்லை. வெளியே பார்க்க அவ்வளவு அழகு. அவர் கத்தரியை எடுத்து எல்லாப் பட்டைகளையும் ஒவ்வொன்றாக வெட்டினார். நான் தடுக்கவில்லை. இப்போது ரேக்கில் கேபிள் நூடுல்ஸ் மாதிரிதான் தொங்குகிறது.

இரண்டு பொருள் அனுப்புகிறேன். ஒன்று அந்த அட்டை. தொப்பிக்காரரே பிய்த்து, “அவன்கிட்ட குடுத்துடு” என்றார். இன்னொன்று அந்தக் கோடு. முழுவதையும் நீளத் தாளில் அச்சடித்துச் சுருட்டி வைத்திருக்கிறேன், ஓட்டுநரிடம் கசங்காமல் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன். கேபிளை எந்த இடத்தில் இழுத்தேன் என்று அதில் நான் குறிக்கவில்லை. கெட்டிக்காரன்தானே நீ, கண்டுபிடி.

வருவாயா என்று கேட்கவில்லை. வந்தால் உன் அத்தான் சந்தோஷப்படுவார்.

நானும்தான்.

அக்கா


மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

அடிக்கவில்லை, பார்த்துக்கொள்.

பெரியம்மாவின் கடைசி நாள் காலையில் நான் கிடங்கை விட்டு வெளியே வந்து லாரிகள் நிற்கும் முற்றத்தில் நின்றேன். அம்மாவையும் கூட்டி வந்திருந்தேன். குல்லாவோடு வெயிலில் நின்று வானத்தைப் பார்த்தவனைச் சுமை தூக்குகிறவர்கள் ஒருமாதிரியாகப் பார்த்தார்கள். “எந்தப் பக்கம்டா?” என்று அம்மா கேட்டாள். கையைக் காட்டினேன். அங்கே ஒன்றும் இல்லை, வெறும் நீலம். அவள் அந்த நீலத்தைப் பார்த்துக் கையசைத்தாள். பெரியம்மாவுக்கா, உனக்கா என்று நான் கேட்கவில்லை.

தாள் கசங்காமல் வந்து சேர்ந்தது. வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர் போதவில்லை. மூலையில் மடித்து அடுத்த சுவருக்கும் கொண்டுபோய் ஒட்டியிருக்கிறோம். அலமாரியை நகர்த்தியாயிற்று. அட்டையைக் கதவில் மாட்டச் சொல்லி அம்மா அடம்பிடிக்கிறாள். தொடக்கூடாது என்று எழுதியதை வீட்டுக் கதவில் மாட்டினால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றேன். “நல்லதுதான், கதவைச் சாத்திக்கிட்டுப் போறவன் தொடாம இருப்பான்” என்றாள். விவரம் முழுக்க அவளுக்கு எப்போதோ தெரியும்போலிருக்கிறது.

நீ உன் பின்னலைப் பற்றி எழுதிய இடத்தில் ‘நான்தான் சொன்னேனே’ என்று எழுத எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா. எழுதவில்லை. இதை என் வாழ்நாள் சாதனையாக வைத்துக்கொள். அந்த மாணவி என்ன சொன்னாள் என்று நீ எழுதவில்லை. வரும்போது நானே கேட்டுக்கொள்கிறேன். அவளிடம் நான் சொல்லவேண்டியதும் ஒன்று பாக்கியிருக்கிறது. அடுத்த வாரம் சரக்கு வண்டியில் இரண்டு இடம் வைக்கச் சொல்லி ஓட்டுநரிடம் பேசிவிட்டேன். அம்மா முன்னால் உட்காருவாள், நான் மூட்டைகளோடு பின்னால்.

தாளில் கோடு முடிகிற இடம் சுலபமாகத் தெரிகிறது. அம்மா அங்கே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் வரவில்லை. நான் நீ கேபிளை இழுத்த இடத்தைத் தேடுகிறேன். நாலு நாளாக, சாப்பிடும்போது, சட்டை போடும்போது, பல் துலக்கும்போது. நாற்காலியில் ஏறிப் பார்த்தேன், தரையில் படுத்துப் பார்த்தேன், லென்ஸ் வாங்கி வந்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன்.

எங்கே அறுந்தது என்று தெரியவில்லை, அக்கா.

உன் தம்பி